முள் தைத்த காலும் முதுகந்தண்டும்

வரப்பின்மீது வெறுங்காலுடன் செல்லும் உழவன் ஒருவனது வலது பாதத்தில் கருவேல முள் தைக்கிறது. அவன் வாய்விட்டு அலறுவதற்கு முன்னரே பாதம் மேலே இழுபட்டுவிடுகிறது. இதனை அறியாதார் இலர். ஆயினும், அதே கணத்தில் வேறொரு காரியமும் நிகழ்வதைக் கவனித்தவர் சிலரே. வலக்கால் உயரும்போது இடக்கால் விறைத்து நின்று உடலின் பாரம் முழுவதையும் தாங்கிக்கொள்கிறது. அங்ஙனம் தாங்காவிடில் முள்ளுக்குத் தப்பியவன் சேற்றில் வீழ்வான். இவ்விரு காரியங்களுக்கும் உத்தரவிட்டது மூளை என்று கூறுதல் பொருந்தாது. வலி என்னும் உணர்ச்சி மூளையில் உதிப்பதற்குள் கால் இழுபட்டாயிற்று. உத்தரவு பிறந்த இடம் முதுகெலும்பிற்குள் இருக்கிறது.

முதுகெலும்பின் கணுக்களை ஊடுருவி ஒரு குழாய் செல்கிறது. அதனுள், மூளையின் அடியிலிருந்து இடுப்பிற்குச் சற்று மேல்வரை இறங்கும் நரம்புத்தண்டே தண்டுவடம் எனப்படும். வளர்ந்த மனிதனிடத்தில் இதன் நீளம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர், அஃதாவது ஒன்றரை அடி. பருமனோ சுண்டுவிரல் அளவே. இதன் இருமருங்கிலும் 31 ஜோடி நரம்புகள் கிளைக்கின்றன. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தைச் சேருமிடத்தில் இரண்டு வேர்களாகப் பிரிகிறது. பின்வேர் வழியே உடலின் செய்திகள் உட்புகும். முன்வேர் வழியே தசைகளுக்குரிய ஏவல்கள் வெளிச்செல்லும். இவ்வுண்மையைப் பிரான்ஸ் தேசத்து மஜாந்தி என்பார் 1822-ல் தெளிவாக்கினார்.

கூரை தீப்பற்றினால் தாலுகாக் கச்சேரியின் உத்தரவு வரட்டும் என்று எவரும் காத்திரார். முதலில் தண்ணீரைக் கொட்டுவர். தகவல் பிறகு போகும். தண்டுவடத்தின் முறையும் அத்தகையதே. முள் தைத்த செய்தி பின்வேர் வழியே வந்தவுடன் அங்கேயே தீர்ப்பாகி, முன்வேர் வழியே காலுக்கு ஏவல் போய்விடுகிறது. மூளைக்கு ஒரு நகல் அனுப்பப்படுகிறது. அதைப் பெற்ற பின்னரே ‘ஆ’ என்ற ஓசை எழுகிறது. இவ்விதம் எண்ணாமல் நிகழ்வதனை அனிச்சைச் செயல் என்பர். மூளை நீக்கப்பட்ட தவளையின் தோலில் புளிப்புத் திராவகம் தோய்ந்த காகிதத்தை வைத்தால், அது தன் காலால் அதனைத் துடைத்தெறியும். தண்டுவடத்தையும் அழித்துவிட்டால் அச்செயல் நின்றுவிடும். தலையறுந்த கோழி முற்றத்தில் சிறகடித்து ஓடுவதைக் கண்டவர்கள் இதற்காகத் தவளையைத் தேட வேண்டியதில்லை.

எனினும் மூளைக்கு இதில் அதிகாரமே இல்லை என்று கருதலாகாது. கொதிக்கும் கஞ்சிக் கலயத்தை இறக்கும் தாய்க்குக் கை சுடுகிறது. ‘விட்டுவிடு’ என்கிறது தண்டுவடம். அருகில் குழந்தை தவழ்கின்றது, அவள் விடுவதில்லை. மேலிருந்து வரும் தடை கீழே பிறந்த ஏவலை அடக்கிவைக்கிறது.

அடக்கி வைத்தல் என்னும் இத்தொழிலே ஈண்டு முக்கியமாக அறியத்தக்கது. திண்ணையில் கால்கள் தொங்க ஒருவனை அமர்த்தி, முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையின் ஓரத்தால் மெதுவாகத் தட்டினால் கால் முன்னே உதறும். தொடையின் முன்தசை சுருங்குவதால் இது நேருகிறது. இந்த உதறலை நோயறியும் குறியாக வைத்தியர்கள் 1875 முதல் பயன்படுத்தி வருகின்றனர். முன்தசை சுருங்கும்போது பின்தசை தளர்ந்துகொடுக்க வேண்டும்; இரண்டும் ஒருங்கே இழுத்தால் கால் மரக்கட்டையாக நின்றுவிடும். வண்டி திரும்பும்போது ஒரு மாடு இழுக்க, மற்றது நின்று கொடுப்பதைப் போன்றது இது. ஆகவே ஒரு தசைக்கு ‘இழு’ என்னும் ஏவல் செல்லும்போதே, அதன் எதிர்த்தசைக்குரிய நரம்பணுவைத் தண்டுவடத்திலுள்ள அடக்கும் அணுக்கள் அமர்த்திவிடுகின்றன. இதனை விரிவாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ஷெரிங்டன். நரம்பணுக்களின் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1932-ல் ஆட்ரியன் என்பாருடன் நோபெல் பரிசு பெற்றவர்.

அடக்கும் அணுக்கள் தொழிலை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் காடுகளிலேயே சாட்சி உண்டு. எட்டிக்கொட்டையின் நஞ்சு, அவ்வணுக்கள் விடுக்கும் அடக்கப்பொருள் எதிர் அணுவிற்சென்று பற்றாதபடி தடுத்துவிடுகிறது. எட்டி தின்ற நாய் சிறு ஓசைக்கும் உடல் முழுதும் விறைத்து வளைவது இதனாலேயே. இதே கேட்டினை வேறொரு வழியாக விளைப்பது, முள்ளோடு காலில் நுழையும் ரணஜன்னிக் கிருமி. இக்கிருமியைக் கலப்பின்றித் தனியே வளர்த்துக் காட்டியவர் ஜப்பானியரான கிட்டஸாட்டோ, ஆண்டு 1889. இதன் வித்துக்கள் மண்ணிலும் மாட்டுச்சாணம், குதிரைச்சாணம் ஆகியவற்றிலும் நெடுநாள் கிடக்கும். கொதிநீருக்கும் அவை எளிதில் மாளா. காற்றுப் புகாத ஆழ்ந்த புண் அவற்றுக்கு உகந்த இடம். அகன்று இரத்தம் பெருகிய காயத்துக்கு அஞ்சுகின்றவர்கள், வாய்மூடிய சிறு முட்காயத்தை மறந்துவிடுகின்றனர்; அச்சம் இடம் மாறி நிற்கிறது.

புண்ணில் பிறந்த நஞ்சு நரம்பின் வழியே மெல்ல ஏறித் தண்டுவடத்தை அடைந்து, அடக்கும் அணுக்களின் வாயை அடைத்துவிடுகிறது. பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் குறி தோன்றும். முதலில் தாடை கட்டும், வாய் திறவாது. பின்னர் கழுத்தும் வயிறும் இறுகும். முதுகு வில்லென வளையும். கதவு சாத்தும் ஓசை, முகத்தில் விழும் வெளிச்சம், ஒரு கையின் தீண்டல் ஆகிய எதுவும் இசிவை எழுப்பப் போதுமானது. அறிவோ தெளிந்தே இருக்கும். நோயாளி யாவற்றையும் உணர்ந்தே துன்புறுவான். இதனைப் பேய்க்கோளாறு எனக் கருதி வேப்பிலையும் உடுக்கையும் கொண்டு சூழ்வது, தாங்கவொண்ணாத ஓசையை அவன்மீது கொட்டுவதேயாகும். இருண்ட அமைதியான அறையும், சுவாசத்தைக் காக்கத்தக்க ஆஸ்பத்திரியுமே அவனுக்கு வேண்டுவன. எதிர்நஞ்சு மருந்து, நரம்பில் இன்னும் பற்றாத நஞ்சை மட்டுமே மாற்றும்; பற்றியதை விலக்காது. ஆதலின் முதற்குறி கண்ட அன்றே கொண்டுசெல்லுதல் அவசியம்.

தொப்புள்கொடியைத் துருப்பிடித்த கத்தியால் அறுத்து, சாணமோ சாம்பலோ வைத்த வீடுகளில் குழந்தைகள் இந்நோயால் மாண்டது நெடுங்காலத்துக் கதை. பிறந்து இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த சிசு, பின்னர் முலையைப் பற்ற இயலாமல் விறைத்துப் போகும். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி இடுவதும், சுத்தமான கத்தியால் கொடி அறுப்பதும் பரவியதன் பயனாக, தாய்க்கும் சிசுவுக்கும் நேரும் ரணஜன்னி இந்தியாவில் ஒரு பொதுச் சுகாதாரக் கேடாக இல்லாதபடி ஒழிக்கப்பட்டது என 2015-ல் அறிவிக்கப்பட்டது. தாய் ஊசி பெற்றால் அவளது எதிர்ப்புச் சக்தி கருவிலுள்ள சிசுவையும் சேர்கிறது. ஆனால் மண்ணிலுள்ள வித்துக்கள் ஒழியவில்லை, ஒழிக்கவும் இயலாது.

ஆகையால் முள் தைத்தவுடன் செய்யத்தக்கவை சில. முள்ளை முழுவதும் எடுத்து, சுத்தமான நீரும் சோப்பும் கொண்டு புண்ணை நன்கு கழுவ வேண்டும். சாணம், சுண்ணாம்பு, புகையிலைச்சாறு ஆகியவை அதன்மேல் படலாகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று, கடைசியாகத் தடுப்பூசி போட்ட ஆண்டைக் கூறி, வேண்டுமாயின் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். சிறுவயதில் முறைப்படி ஊசி பெற்றவர்க்கும் அதன் பலம் குறையுமாதலால், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பிப்பது வழக்கம்.

ரணஜன்னி கண்டு பிழைத்தவர்க்குத் தசைகள் பழைய நிலையை அடையப் பல வாரங்கள் செல்லும். நஞ்சு பற்றிய நரம்புமுனைகளுக்குப் பதிலாகப் புதியன தோன்றியாக வேண்டும். அம்மை கண்டவர்க்குப் பெரும்பாலும் அம்மை மீண்டும் வராதது போல் இதுவும் மீளாது என்று சிலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. உயிரைக் கொல்லப் போதுமான நஞ்சும் எதிர்ப்புச் சக்தியை எழுப்புதற்குப் போதாத அத்தனை சிறிய அளவினது. ஆதலின் இந்நோயிலிருந்து எழுந்தவரும் வீடு திரும்புமுன் தடுப்பூசியைத் தொடங்கிக்கொள்ள வேண்டும்.