காலைப் பாருங்கள்

போன மார்கழியில் என் வரப்போரம் ஒரு பூனைப்பருந்து செத்துக் கிடந்தது. பக்கத்து நிலத்தில் எலி மருந்து வைத்த வாரம். காஞ்சிபுரத்தை ஒட்டி, ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கரில் நான் மருந்தே தொடாமல் நெல் வைக்கிறேன். பருந்துக்கு வரப்பு தெரியுமா என்ன? வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அதன் காலைப் பார்க்கத் தோன்றவே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

ஏன் காலை? வலசைப் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த சின்ன வளையத்தைக் காலில் மாட்டி விடுகிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927 முதல் இதைச் செய்கிறது. நம் கோடியக்கரையிலும் பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. பழைய பேங்க்காரன் பாஷையில் சொன்னால், வளையம்தான் அக்கவுண்ட் நம்பர். மாட்டிய இடம் ஒரு பதிவு, மறுபடி கிடைத்த இடம் இன்னொரு பதிவு. நடுவில் பாஸ்புக் காலி. அந்த இரண்டாவது பதிவும் பெரும்பாலும் வராது. கண்டெடுத்தவர் என்னைப் போலப் புதைத்திருப்பார்.

நடுப்பக்கம் நிரம்பிய கதை நாகாலாந்தில் நடந்தது. சைபீரியா, வடசீனப் பக்கமிருந்து வரும் அமூர் வல்லூறுகள் ஐப்பசி, கார்த்திகையில் டோயாங் நீர்த்தேக்கத்தில் லட்சக்கணக்கில் இறங்கும். புறா அளவுதான் இருக்கும். 2012இல் அவற்றை வலைபோட்டுக் கொத்துக்கொத்தாகக் கொன்ற படங்கள் வெளிவந்தன. மறு வருஷமே பாங்டி ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் சில பறவைகளுக்கு வளையமும், மூன்று பறவைகளுக்கு 5 கிராம் எடையுள்ள செயற்கைக்கோள் கருவியும் மாட்டினார்கள். நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர். அதில் நாகா, வங்கக்கடல், நம் தீபகற்பம், அரபிக்கடல் எல்லாம் தாண்டி, சுமார் 5,600 கிலோமீட்டரை ஐந்தரை நாளில் பறந்து ஆப்பிரிக்கா சேர்ந்தது!

இத்தனைக்கும் டீசல் எது? ஈசல். டோயாங்கில் ஈசலைத் தின்று கொழுப்பேற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது. கடலுக்கு மேலே, தானும் வலசை போகும் தட்டான்களைப் பிடிக்கும் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறங்கும் ஊரில் பூச்சி இல்லையென்றால் பயணம் அங்கேயே நின்றுபோகும்.

செத்த பறவையின் காலில் வளையம் கண்டால் எண், தேதி, ஊர் மூன்றையும் குறித்து, போட்டோ எடுத்து, அதில் பொறித்திருக்கும் அமைப்புக்குத் தெரிவியுங்கள். உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள்.

பக்கத்து நிலத்துக்காரரிடம் மருந்துக்குப் பதில் கிட்டி வைக்கலாமே என்று கேட்டேன். "கிட்டி ஆளுக்குக் கூலி யார் சார் குடுக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். வரும் சம்பாவுக்கு அவர் நிலத்திலும் என் செலவில் இருபது கிட்டி வைப்பதாகப் பேச்சு.