ஒரு வாக்கியமா, இரண்டா?
(கடைக் கடிதத்துக்கு வேண்டிய ஆங்கிலம்)



சென்ற மாதம் ஜனாப் ஒருவர் என்னிடம் ஒரு கடிதத்தை நீட்டி, "நானா, அனுப்புமுன் இதைக் கொஞ்சம் பார்த்துத் தாருங்கள்" என்றார். இருபத்தைந்து வருஷமாகக் கடை நடத்துகிறவர். ஆங்கிலச் சொற்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. ஆனால் கடிதம் முழுவதும் ஒரே வாக்கியம்! முதல் வரியில் கிளம்பியது, கையெழுத்துக்கு மேலே போய்த்தான் நின்றது. சரக்கு வந்ததா இல்லையா, யார் யாருக்குப் பணம் தரவேண்டும் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

இது அவருடைய குறையல்ல. நம் தாய்மொழிப் பழக்கம். தமிழில் நாம் எப்படி எழுதுகிறோம்? "தங்கள் கடிதம் கிடைத்து, விவரம் அறிந்து, பெட்டிகளைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, இரண்டு குறையக் கண்டு இதை எழுதுகிறோம்." கிடைத்து, அறிந்து, பிரித்து என்பவையெல்லாம் வினையெச்சங்கள். ரயில் பெட்டிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டே போகலாம். கடைசியில் 'எழுதுகிறோம்' என்ற ஒரே ஒரு முற்றுவினை வந்து வண்டியை நிறுத்தும். ஆங்கிலத்திலும் 'ஹேவிங் ரிசீவ்ட்' என்று தொடங்கும் எச்சம் உண்டு; பழைய கம்பெனிக் கடிதங்களில் காணலாம். ஆனால் நாலைந்தை மாட்டினால் வண்டி தடம் புரளும். ஆங்கிலம் விரும்புவது சின்னச் சின்ன முழு வாக்கியங்களை; வேண்டிய இடத்தில் இரண்டைச் சேர்த்துக் கட்டுவதை.

முதலில் தனி வாக்கியம். ஓர் எழுவாய், அதற்குரிய ஒரு முற்றுவினை, இவ்வளவே. (ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், உரக்கப் படியுங்கள்.) "வீ பெய்ட் தி பில்." நாங்கள் பில்லுக்குப் பணம் கட்டினோம். தமிழில் 'கட்டினோம்' என்றாலே போதும். 'ஓம்' என்ற விகுதி 'நாங்கள்' என்பதைச் சொல்லிவிடும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. வெறுமே "பெய்ட் தி பில்" என்றால் கட்டியது நீங்களா, உங்கள் கூட்டாளியா, வாங்கியவரா? தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குச் சொல் காசு, ஆகவே எழுவாயை வெட்டினார்கள். இன்று வாட்ஸ்அப்பில் எழுதவும் அதே சிக்கனம் எதற்கோ தெரியவில்லை! கட்டளையிடும்போது மட்டும் எழுவாயை விடலாம். "ஷிப் தி கூட்ஸ்" என்றால் 'யூ' என்பது உள்ளே மறைந்திருக்கிறது.

இன்னொரு இடறல். "விலை அதிகம்" என்று வினையே இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறோம். நாம் கடையில் பேசும் மலாயிலும் "ஹார்கா மஹால்" என்றால் முடிந்தது. இரண்டு மொழியும் சேர்ந்து நம்மைக் கெடுத்துவிட்டன. ஆங்கிலத்தில் "தி பிரைஸ் இஸ் ஹை" என்று நடுவில் 'இஸ்' வந்தே தீரவேண்டும்.

இனிக் கூட்டு வாக்கியம். "வீ பெய்ட் தி பில், பட் தி கூட்ஸ் டிட் நாட் அரைவ்." பணம் கட்டினோம், ஆனால் சரக்கு வந்து சேரவில்லை. இது கூட்டு வாக்கியந்தானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இணைப்புச் சொல்லை விரலால் மறையுங்கள். இருபுறமும் தனித்தனிக் கடையாக நடக்குமா? இங்கே நடக்கிறது, ஆகவே கூட்டு. "வீ ஓபன்ட் தி பாக்ஸஸ் அண்ட் கவுன்டட் தி பீஸஸ்" என்பதில் 'அண்ட்' இருக்கிறது. ஆனால் வலப்புறத்துக்குச் சொந்தமாக எழுவாய் இல்லை, முதல் 'வீ'யையே நம்பி நிற்கிறது. எனவே அது தனி வாக்கியந்தான். 'அண்ட்' கண்ட இடமெல்லாம் கூட்டு என்று எண்ணவேண்டாம்.

இணைப்புச் சொற்கள் பல இருந்தாலும் கடைக் கடிதத்துக்கு அண்ட், பட், ஆர், ஸோ என்ற நான்கு போதும். இந்த நான்கில் ஒன்றை வைக்காமல், வெறும் கால்புள்ளியால் இரண்டு வாக்கியங்களை ஒட்டுவதுதான் நம்மவரிடம் அதிகம் காணும் பிழை.

அந்தப் பிழையின் விலை எனக்குத் தெரியும். நான் கணக்கெழுதப் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். வெங்காயம் வரத் தாமதமாகிக் கொண்டிருந்தது. முதலாளி, "அடுத்த கப்பலில் சரக்கை அனுப்பச் சொல், இல்லையென்றால் முன்பணத்தைத் திருப்பச் சொல்" என்றார். நான் "டெலிவர் தி ஆனியன்ஸ், ரிடர்ன் தி அட்வான்ஸ்" என்று கால்புள்ளி போட்டு எழுதி அனுப்பினேன். சரக்கும் வரவில்லை, பணமும் வரவில்லை, ஒரு கேள்விதான் வந்தது: "சரக்கை அனுப்பிய பின் முன்பணத்தை ஏன் திருப்பவேண்டும்?" அவர்களுக்கு விளங்காமல் இல்லை, ஆனால் சாக்கு ஒன்றை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். விளக்கம் எழுதிப் பதில் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. 'ஆர்' என்ற ஈரெழுத்துச் சொல் அந்தக் கால்புள்ளிக்குப் பின்னால் நின்றிருக்க வேண்டும்.

'ஆர்' இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் போனது என் கதை. இருக்கக்கூடாத இடத்தில் இருந்த கதை இங்கிலாந்தில் நடந்தது. கேலப் டிப்ளாக் என்பவர் 1936ல் காலமானார். தம் சொத்தில் மிஞ்சியதை, நிறைவேற்றுவோர் தேர்ந்தெடுக்கும் "சாரிடபிள் ஆர் பெனவலன்ட்" காரியங்களுக்குக் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். முன்னது சட்டம் அங்கீகரித்த தருமம். பின்னது பொதுவாக நல்லெண்ணக் காரியம். அதற்குச் சட்டத்தில் எல்லை கிடையாது. 'அண்ட்' என்றிருந்தால் இரண்டும் பொருந்திய காரியம் என்று கொண்டு உயிலைக் காப்பாற்ற வழியிருந்தது. 'ஆர்' என்றதால், தருமமல்லாததற்கும் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. 139 ஸ்தாபனங்களுக்கு இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வழங்கிய பிறகு, அந்த ஏற்பாடே செல்லாது என்று 1944ல் பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறியது. உறவினர்கள் மேலும் வழக்காடி, ஸ்தாபனங்கள் பெற்ற பணத்தைத் திரும்பக் கேட்டு வென்றார்கள். அங்கே 'ஆர்' சேர்த்தது இரண்டு சொற்களைத்தான், இரண்டு வாக்கியங்களையல்ல. ஆனாலும் அது செய்யும் வேலை ஒன்றே.

'பட்' விஷயத்தில் வரிசையைக் கவனியுங்கள். "தி கூட்ஸ் ஆர் குட், பட் தி பிரைஸ் இஸ் ஹை" என்றால், வாங்கத் தயங்குகிறீர்கள். "தி பிரைஸ் இஸ் ஹை, பட் தி கூட்ஸ் ஆர் குட்" என்றால், வாங்கப் போகிறீர்கள். பின்னால் வருவதே கனக்கும். தமிழில் 'ஆனால்' போலவே. 'ஸோ' போட்டால் முன்பாதி காரணமாகிவிடும். "யூ டிட் நாட் பே, ஸோ வீ ஸ்டாப்ட் தி டெலிவரி" என்பதில் பழி முழுதும் எதிராளி தலையில். பழைய வாடிக்கைக்காரருக்கு எழுதும்போது யோசித்து எழுதுங்கள்.

மேலே சொன்ன தமிழ்க் கடிதம் இனி எப்படி அமையும்? "வீ ரிசீவ்ட் யுவர் லெட்டர். வீ ஓபன்ட் தி பாக்ஸஸ், அண்ட் டூ வேர் மிஸ்ஸிங்." ஒரு தனி, ஒரு கூட்டு. 'விவரம் அறிந்து' என்பதற்கு ஆங்கிலத்தில் வேலையே இல்லை. கடிதம் கிடைத்தால் படித்திருப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

பயிற்சிக்குச் சில. ஆங்கிலத்தில் எழுதி, விரலால் மறைத்துச் சோதியுங்கள்:

பில் வந்தது, ஆனால் சரக்கு வரவில்லை.
கிட்டங்கியைத் திறந்து மூட்டைகளை எண்ணினோம்.
இம்மாதம் பணம் அனுப்புங்கள், இல்லையேல் சரக்கைத் திருப்புங்கள்.
சரக்கு நல்லது, விலையும் குறைவு.

கடைசி வரியில் 'இஸ்' அல்லது 'ஆர்' இரண்டு முறை வரவேண்டும். இந்த 'ஆர்' வினைச்சொல். வெங்காயக் கதையில் வந்த 'ஆர்' அல்ல. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு.