டயரோடு வால்வையும் மாற்றுங்கள்

டியூப்லெஸ் டயர் போட்ட ஸ்கூட்டரில், ஆணி குத்தாமலே காற்று மெல்ல இறங்கினால் வால்வைச் சந்தேகியுங்கள். வெயிலிலும் வயதிலும் ரப்பர் இறுகி, ரிம்மை ஒட்டிய அடிப்பகுதியில் வெடிப்பு விடும். சோப்புநீர் விட்டு வால்வை லேசாக வளைத்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். வாய்ப்பகுதியில் மட்டும் குமிழி வந்தால், உள்ளிருக்கும் பின்னை மாற்றினாலே போதும்.

“கசியும்போது பார்த்துக்கொள்ளலாமே” என்பார்கள். ஆனால் ரப்பர் வால்வை ரிம்முக்கு உள்ளிருந்துதான் இழுத்துப் பொருத்த வேண்டும். அதற்கென்று டயரைத் தனியே கழற்றினால் கூலி இரட்டிப்பு. ஆகவே புது டயரோடு புது வால்வு போடுவதே சிக்கனம். ரிம் துளை 11.5 மி.மீ. என்றால் டிஆர் 412, 413 ரக வால்வுகள் இரண்டும் பொருந்தும். சின்னச் சக்கரத்துக்குக் குட்டையான 412 வசதி. பொருத்தும்போது சோப்புநீர் தடவுங்கள். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும்.