இணையக் கடை: எந்தத் தளத்தில் திறப்பது?



நம் டிரஸ்டுக்கு வரும் வட்டியில்லாக் கடன் விண்ணப்பங்களில் முன்பெல்லாம் தையல் எந்திரம், ஆடு, பெட்டிக்கடை என்றுதான் எழுதியிருக்கும். இப்போது “ஆன்லைன் கடை வைக்க” என்று எழுதி வருகிறது. நல்லதுதான். ஆனால் சில விண்ணப்பங்களில் கேட்கும் தொகை முழுவதும் இணையதளம் செய்து தருபவருக்கே போய்விடுகிறது. சரக்கு வாங்கவும் பார்சல் அனுப்பவும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. மாதாமாதம் திருப்பிக் கட்ட வேண்டிய பணம் அது. ஆகவே கடையை எந்தத் தளத்தில் திறப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துப் பொருள். லெப்பைக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் கோரையில் நெய்துவருவது, புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு வீட்டில் இரண்டு வகைப் பாய் நெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தினமும் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாய். மற்றொன்று மணமக்கள் பெயரை நெய்து, சொல்லிச் செய்யும் கல்யாணப் பாய். இந்த இரண்டுக்கும் ஒரே கடை பொருந்தாது.

அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ போன்றவை சந்தை மாதிரி. கூட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நாம் ஓரமாக ஒரு இடம் பிடிக்கிறோம். அமேசானில் பல பொருட்களுக்கு விற்பனை விலையில் இத்தனை சதவீதம் என்று தரகு போகும், அது பொருளின் வகையைப் பொறுத்து மாறும். அதற்கு மேல் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு கட்டணம், அனுப்பும் கட்டணம், இவற்றின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மீஷோ 2021 முதல் தரகு வாங்குவதில்லை. அதைக் கேட்டதும் எல்லாரும் அங்கே ஓடுகிறார்கள். ஆனால் மலிவு விலை தேடி வருகிறவர்களின் சந்தை அது. கைநெசவுக் கோரைப் பாய்க்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பாய் பாதி விலையில் நிற்கும். கோரை எது, பிளாஸ்டிக் எது என்று அந்தச் சின்னப் படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது?

இன்னொன்று. சந்தைத் தளத்தில் வாங்கியவர் உங்கள் வாடிக்கையாளர் அல்ல, அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அவருடைய எண் உங்களுக்கு வராது. “அடுத்த முறை நேரடியாகக் கூப்பிடுங்கள்” என்று பார்சலுக்குள் சீட்டு வைப்பதும் அமேசான் போன்ற தளங்களின் விதிக்கு விரோதம். ஆர்டர் வந்தால் குறித்த நாளுக்குள் அனுப்பியாகவும் வேண்டும், தாமதமானால் கணக்கின் தரம் இறங்கும். நெய்து முடிக்க நாளாகும் கல்யாணப் பாயை அங்கே வைப்பதில் அர்த்தமில்லை. தயாராக அடுக்கி வைத்திருக்கும் சாதாரணப் பாயை வைக்கலாம்.

இரண்டாவது வகை சொந்த இணையதளம். ஷாப்பிஃபை போன்றவை மாத வாடகைக் கடை. பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸ் என்பது வேர்ட்பிரஸ் தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் இலவச மென்பொருள். மென்பொருள் இலவசமே தவிர இடவாடகை, பெயர்ப் பதிவு, பாதுகாப்பு, புதுப்பித்தல் எல்லாம் நம் தலையில். கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வூகாமர்ஸ் மலிவு. அந்தப் பிள்ளை வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் கடை பூட்டிக் கிடக்கும். அதையும் யோசியுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாய் விலை 1,500 ரூபாய், தளத்தின் மாத வாடகை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இருபது பாய் விற்றால் ஒரு பாய்மேல் 100 ரூபாய்தான் ஏறும். இரண்டே பாய் விற்றால் 1,000 ரூபாய் ஏறும். நெய்தவருக்கு என்ன மிஞ்சும்? இணையத்தில் பணம் வாங்கித் தரும் நிறுவனம் 2 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுத்தால் 35 ரூபாய் 40 காசு. ஷாப்பிஃபையின் அடிப்படைத் திட்டத்தில், வெளி நிறுவனம் வழியாகப் பணம் வாங்கினால் ஷாப்பிஃபையும் தனியாக 2 சதவீதம் எடுக்கும். அது 30 ரூபாய். இதையெல்லாம் இணையதளம் செய்து தருபவர் முதல் சந்திப்பில் சொல்வதில்லை.

ஆனால் பாய் வியாபாரத்தில் பெரிய செலவு தளம் அல்ல, பார்சல். கூரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000 ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆறடிக்கு நாலடிப் பாயைச் சுருட்டினால் 122 சென்டிமீட்டர் நீளம். சுருளின் குறுக்களவு 12 இருந்தால் 122 × 12 × 12 = 17,568. ஐயாயிரத்தால் வகுத்தால் மூன்றரைக் கிலோ. தராசில் ஒன்றரைக் கிலோதான் காட்டினாலும் பில் மூன்றரைக்குத்தான் வரும். அதையே இறுக்கிச் சுருட்டி 9 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்தால் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். எந்தத் தளம் என்று கேட்கும் முன் ஒரு பாயைச் சுருட்டிக் கட்டி, அளந்து, தபால் நிலையத்திலும் இரண்டு கூரியர்களிலும் சென்னைக்கு எவ்வளவு, பெங்களூருக்கு எவ்வளவு என்று விசாரித்து எழுதி வையுங்கள்.

பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறையிலும் கவனம் வேண்டும். வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால் பாய் திரும்பி வரும். சொந்தக் கடையாக இருந்தால் போகும் செலவு நம்முடையது, பல கூரியர்களில் வரும் செலவும் நம்முடையதே. பெயர் நெய்த பாய் திரும்பி வந்தால் வேறு யாருக்கும் விற்க முடியாது. அதற்குப் பாதிப் பணமாவது முன்பணமாக வாங்காமல் தறியில் கோரை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது வழியைப் பலரும் கடை என்றே எண்ணுவதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். 2019 முதல் அதில் படம், விலை, விவரத்தோடு பொருட்பட்டியல் வைக்க முடிகிறது. வாங்குபவரிடம் பேசி, பெயர் எழுத்துகளைச் சரிபார்த்து, நிறம் காட்டி ஒப்புதல் வாங்கலாம். யூபிஐயில் நேரடியாக வங்கிக் கணக்குக்குப் பணம் வாங்கினால் இடையில் யாருக்கும் தரகு இல்லை. கல்யாணப் பாய்க்கு என் கணிப்பில் இதைவிடப் பொருத்தமான கடை இப்போதைக்கு இல்லை. ஒரே குறை, புதியவர்கள் தாமாக வந்து சேரமாட்டார்கள். மொத்தமாக அனுப்பும் செய்தியும் பொதுவாக உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். ஆகவே வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். இந்த எண் வீட்டில் நிலையாக இருக்கும் சிம்மாக இருக்கட்டும், ரீசார்ஜ் விட்டுப்போகும் இரண்டாவது சிம் வேண்டாம்.

வரி விஷயம் தளத்தேர்வையே மாற்றக்கூடியது. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் இது மாநிலத்துக்குள் விற்கும்போது. சந்தைத் தளங்களில் விற்க முன்பு சிறு வியாபாரியும் பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற்று, பதிவில்லாமலே மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ அனுப்புவதானால் பொதுவாகப் பதிவு தேவை. கையால் செய்த கைவினைப் பொருட்களுக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. அவை உங்கள் பாய்க்கும் நீங்கள் விற்கும் வழிக்கும் பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேட்டபின் தளத்தில் பணம் போடுங்கள்.

சொந்தத் தளம்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கடைப்பெயரை, தளம் செய்து கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிவு செய்துவிட்டார். மறு ஆண்டு புதுப்பிக்க அவர் கேட்ட தொகை புதுத் தளமே செய்யும் அளவுக்கு இருந்தது. பார்சல் பையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த பெயரை விடவும் முடியவில்லை, அந்தத் தொகையைக் கொடுக்கவும் முடியவில்லை. இணையப் பெயரை உங்கள் சொந்த மின்னஞ்சலில், உங்கள் பெயரில் நீங்களே பதிவு செய்யுங்கள். இடவாடகைக் கணக்கு, பணம் வாங்கும் நிறுவனத்தின் கணக்கு, அது சேரும் வங்கிக் கணக்கு எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும். செய்து தருபவருக்கு வேலை செய்ய அனுமதி கொடுத்தால் போதும். வாடிக்கையாளர் பட்டியலையும் பொருட்பட்டியலையும் கோப்பாக இறக்கிக்கொள்ள வழியுண்டா என்று கேட்டு, மாதம் ஒருமுறை இறக்கி வையுங்கள்.

இனி இணையக் கடைக்குக் கடன் கேட்பவர்கள் விண்ணப்பத்தோடு ஒரு தாள் இணைக்க வேண்டுகிறோம். ஒரு பொருளின் விலை, அதில் தளத்துக்கு எவ்வளவு, பார்சலுக்கு எவ்வளவு, செய்த கைக்கு எவ்வளவு, இணையப் பெயர் யார் பெயரில் என்று எழுதினால் போதும். எழுதத் தெரியாத உம்மாமார் அலுவலகத்துக்கு வந்து சொல்லலாம். நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வரும்போது சுருட்டிக் கட்டிய பார்சல் ஒன்றையும் கொண்டுவாருங்கள், டேப் இங்கே இருக்கிறது.