நகராட்சிக்கு மனு எழுதுமுன்

தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நகராட்சிக்கு விண்ணப்பம் செய்வோர், தீர்மானம் நிறைவேற்றுவது மன்ற உறுப்பினர்களின் காரியமென்றும், அதனை நடத்தி வைப்பது ஆணையாளரின் பொறுப்பென்றும் முதலில் அறிந்துகொள்வது உத்தமம்.

• மின்கம்ப எண், தெரு, வார்டு ஆகியவற்றை முதல் வரியிலேயே குறித்து, ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் என்ற நியமத்தோடு ஆணையாளருக்கு எழுதி, பிரதியொன்றை வார்டு உறுப்பினருக்கும் அளித்து, தம் நகலில் தேதியிட்ட முத்திரை பெறாமல் அலுவலகப் படி இறங்கலாகாது.

• புதிய சாலை, வடிகால் போன்ற பெருஞ்செலவுக் காரியங்களாயின், அடுத்த மன்றக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, அதற்கு முன்னதாகவே உறுப்பினரைச் சந்திப்பது பலன் தரும்.

• பதில் வராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் மனுவின் கதியைத் தெரிவிக்க அலுவலகம் கடமைப்பட்டது. ஆதலால் முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்துக.