தார்ப்பாய் இருந்தால் போதுமா? கட்டத் தெரிய வேண்டாமா?



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை சாய்ந்ததையும் கூரை பறந்ததையும் நம்மில் பலர் நேரில் பார்த்தவர்கள். அப்போது நான் களப்பணிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வண்டியில் தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், அடுத்த ஊருக்குப் போய்விட்டோம். நல்ல வேலை செய்துவிட்டதாக நினைப்பு.

நாலைந்து நாளில் மறுபடி மழை. காலையில் போய்ப் பார்த்தால் கொடுத்த பாயில் பாதி வயலில் கிடக்கிறது. சிலது கருவேல முள்ளில் மாட்டிக் கிழிந்து தொங்குகிறது. எல்லாம் செங்கல்லையும் பழைய டயரையும் மேலே வைத்த பாய்கள். வயதான உறுப்பினர் ஒருவர் நனைந்த அரிசியை முறத்தில் பரப்பிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, பாய் குடுத்தீங்க. கயிறு குடுத்தீங்களா? எப்படிக் கட்டணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதுதான் இந்த மாதப் பாடம்.

பாய் ஏன் பறக்கிறது?

காற்று மேலே இருந்து பாயை அழுத்துவதில்லை. ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி கிடைத்தால் போதும், உள்ளே புகுந்து கீழிருந்து தூக்கும். கல்லும் டயரும் அந்த வேகத்துக்கு நிற்காது. பாயோடு கல்லும் உருண்டு கீழே நிற்கிறவர் தலையில் விழும். பாயை வளையத்தில் மட்டும் கட்டினாலும் வளையம் பிய்ந்துகொண்டு வரும். ஆகவே ஓரம் முழுவதையும் பிடித்து இழுத்துக் கட்ட வேண்டும்.

முதலில் உயிர், பிறகு கூரை

1. காற்று திடீரென்று ஓய்ந்தால் புயல் முடிந்தது என்று நினைக்காதீர்கள். புயலின் கண் நம் ஊருக்கு மேல் வந்தால் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வரும் வரை கூரைப் பக்கம் போகக் கூடாது.

2. கூரை மேலோ வேலியிலோ மின்கம்பி கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் தொடாதீர்கள், யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சுவிட்சும் சுவரும் நனைந்திருந்தால் அதையும் தொடக் கூடாது.

3. சுவர் விரிசல் விட்டிருந்தால், விட்டம் இறங்கியிருந்தால் உள்ளே போகவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம்.

4. இருட்டில், மழையில், தனியாக ஏறக் கூடாது. 12 அடி உயரத்தில் ஏணியைச் சாய்த்தால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். ஒருவர் பிடித்தே ஆக வேண்டும்.

5. மூடுவதற்கு முன் செல்போனில் படம் எடுங்கள். வெளியே நாலு பக்கம், உள்ளே இருந்து ஒன்று. "மூடிட்டா கணக்கெடுக்க வர்றவங்க எழுத மாட்டாங்க" என்று பயந்து பலர் மழையில் நனைந்தபடி காத்திருந்தார்கள். படம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டலாம். அதற்காகப் பிள்ளைகளை நனைய விட வேண்டியதில்லை.

எவ்வளவு பாய் வேண்டும்?

ஓட்டை அளவுக்குப் பாய் போட்டால் தண்ணீர் மேல் ஓரத்தில் புகுந்து உள்ளே இறங்கும். பாய் கூரையின் முகட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். ஒரு கணக்குப் பார்ப்போம்.

முகட்டிலிருந்து எரவாணம் வரை 10 அடி. முகட்டைத் தாண்டி மறுபக்கம் 3 அடி. எரவாணத்துக்குக் கீழே 2 அடி. ஆக நீளம் 15 அடி. ஓட்டை 8 அடி அகலம் என்றால் பக்கத்துக்கு 2 அடி கூட்டி 12 அடி. 15க்கு 12 பாய் ஒன்று போதும்.

இரண்டு பாய் தேவைப்பட்டால் ஓடு அடுக்குவது போலத்தான். கீழ்ப் பாயை முதலில் போட்டு, அதன் மேல் 2 அடி ஏறும்படி மேல் பாயைப் போடுங்கள். மாற்றிப் போட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

கட்டும் முறை

சுருக்கமாக மூன்று சொல்: சுற்று, தாண்டு, கீழே கட்டு.

சுற்று: பாயின் மேல் ஓரத்தை ஒரு மூங்கிலிலோ சவுக்குக் கம்பிலோ ரீப்பரிலோ மூன்று சுற்றுச் சுற்றி, மூன்று நாலு இடத்தில் கட்டுங்கள். கீழ் ஓரத்துக்கும் அப்படியே. இப்போது காற்றின் இழுப்பு ஒரு வளையத்தில் விழாது, கம்பு முழுவதும் பரவும். வளையம் பிய்ந்துபோன இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாயின் உள்பக்கம் வைத்து, வெளியே அதன் கழுத்தில் கயிற்றை இறுக்குங்கள். முடிச்சு நழுவாது.

தாண்டு: இதற்குக் கூரை மேல் ஏற வேண்டியதே இல்லை. சின்ன தண்ணீர் பாட்டிலில் பாதி மணல் போட்டு மெல்லிய கயிற்றில் கட்டி முகட்டுக்கு மேலாக வீசுங்கள். மறுபக்கம் நிற்பவர்களை முதலில் விலகச் சொல்லுங்கள். அந்தக் கயிற்றில் மேல் கம்பைக் கட்டி, மறுபக்கத்தில் இரண்டு பேர் இழுக்க, இந்தப் பக்கத்தில் இரண்டு பேர் தூக்கிவிட்டால் பாய் தானாக ஏறும்.

கீழே கட்டு: மறுபக்கக் கம்பிலிருந்து வரும் கயிறுகளை அந்தப் பக்கத்துக் கைமர நுனிகளில் கட்டுங்கள். கீழ்க் கம்பை இந்தப் பக்கத்துக் கைமரங்களில் கட்டுங்கள். பாய் தொப்பை விழாமல் விறைப்பாக இருக்க வேண்டும். தொப்பையில் தண்ணீர் தேங்கினால் அந்தப் பாரமே கிழிக்கும். படபடவென்று அடிக்கிற பாய் இரண்டு நாளில் கிழிந்துவிடும்.

கடைசியாகப் பாய்க்கு மேலே குறுக்காக இரண்டு மூன்று கயிறு போட்டு இறுக்குங்கள். பாரம் வைத்தே ஆக வேண்டும் என்றால், இரண்டு மணல் மூட்டையை ஒரே கயிற்றில் கட்டி, கழுதை முதுகில் பொதி போடுவது போல முகட்டுக்கு இருபக்கமும் தொங்க விடுங்கள்.

வீட்டுக்கு வீடு மாறுவது

ஓட்டு வீடு: உடைந்த ஓட்டின் முனை பாயை அறுக்கும். தளர்ந்து கிடக்கும் துண்டுகளை ஏணியில் நின்றபடி எடுத்துவிட்டு, கூரான இடத்தில் பழைய சாக்கைப் போட்டு அதன் மேல் பாயை இழுங்கள்.

கீற்றுக் கூரை: கைமரமே ஆடிப்போயிருந்தால் அதில் கட்டிப் பயனில்லை. தரையில் முளை அடித்துக் கட்டலாம். ஆனால் ஊறிய மண்ணில் முளை பிடுங்கிக்கொள்ளும். காலி சிமெண்டு சாக்கில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, 2 அடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட்: இதன் மேல் யாரும் கால் வைக்கவே கூடாது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், மிதித்தால் உடைந்து ஆளை உள்ளே இறக்கிவிடும். கயிறு வீசி இழுக்கும் முறை மட்டும்தான். உடைந்த துண்டுகளை நனைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

பாய்க்குக் கீழே அடுப்பு வேண்டாம்

தார்ப்பாய் பிளாஸ்டிக்தான். தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும், எரியும். ஓட்டு இடுக்கில் வெளியேறிய புகையும் இனி வெளியேறாது. பாய் இருக்கும் வரை சமையல் வெளியே, தனிக் கொட்டகையில். முக்கோணச் சுவர்ப் பக்கத்தைக் காற்றோட்டத்துக்குத் திறந்தே விடுங்கள். தினம் காலையில் கயிற்றை இறுக்கிப் பாருங்கள். வெயிலில் பாய் நொறுங்கும், ஆகவே இது கூரை இல்லை. கூரை போடும் வரை தாங்குகிற குடை.

குழு செய்ய வேண்டியது

ஏறத் தெம்புள்ள ஆள் இருக்கும் வீட்டில் அன்றைக்கே பாய் ஏறிவிட்டது. கணவரை இழந்தவர்கள், வயதானவர்கள், பிள்ளை பெற்ற வீடு, இவர்கள்தான் மூன்று நாள், நாலு நாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கீழே நின்று கட்டும் முறைக்கு நாலு பெண்கள் போதும். யாருக்கும் காத்திருக்க வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பர் கூட்டத்திலேயே முடிவெடுத்துக் குழுவின் பொதுவில் இவற்றை வாங்கி வைக்கலாம்: கெட்டியான தார்ப்பாய் இரண்டு, 100 அடி நைலான் கயிறு, கட்டுக்கம்பி, மூங்கில் நாலு, சுத்தியல், காலிச் சாக்குகள். ஏணி யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீடு ஓடு, எத்தனை கீற்று, எத்தனை சீட்?
2. புயல் வந்தால் முதலில் யார் வீட்டுக்குப் போக வேண்டும்? பெயர்களை வரிசையாகத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.
3. ஒரு உறுப்பினர் வீட்டில் நல்ல வெயில் நாளில் நாலு பேர் சேர்ந்து ஒரு தடவை கட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று?

கட்டிப் பார்த்த பிறகு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். என் முறையில் தப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த அம்மா கேட்டதால்தான் நான் கற்றுக்கொண்டேன்.