போருக்குப் போய் உழவுக்கு வந்த டிராக்டர்: கைப்பிடி எஞ்சின் சொல்லும் பாடம்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் பழைய தோட்டம் ஒன்றின் கிணற்றடிக்குப் போனால், எஞ்சின் கொட்டகை என்று ஒரு சின்னக் கட்டிடம் இன்னும் நிற்பதைப் பார்க்கலாம். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலம் போய் ஆயில் எஞ்சின் வந்தது. கரண்டு மோட்டார் வந்ததும் அந்த எஞ்சின் மூலைக்குப் போனது. இப்போது காலிச் சாக்குகளும் உடைந்த கொழுவும் அதன் மேல் கிடக்கும். பழைய இரும்பு வாங்குபவர் வந்தால், கிலோ என்ன விலை என்பதுதான் அதைப் பற்றிய முதல் பேச்சாகவும் கடைசிப் பேச்சாகவும் இருக்கிறது.

எடை போடுமுன் ஒரு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. இதுபோன்ற பழைய யந்திரங்களைத் தேடிப்பிடித்து மறுபடி ஓட வைப்பதை ஒரு கலையாகவே செய்து வருபவர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்களிடம் தனி மதிப்புப் பெற்றவை ராணுவத்தில் வேலை பார்த்த டிராக்டர்கள். அவற்றின் எஞ்சினை எட்டில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு என்று குறுக்கி, மேஜை மேல் ஓடும்படி செய்து பார்ப்பவர்களும் உண்டு. லண்டனில் 1898ல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகை இந்த வேலைக்கென்றே வந்ததாகும். வேலையற்ற வேலை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். பழைய ராணுவ டிராக்டரால் நம் நாடு பெற்ற லாபமும், வேறொரு நாடு பட்ட நஷ்டமும் ஒரே சங்கதியைத்தான் சொல்கின்றன. யந்திரம் மட்டும் கையில் இருந்து, அதன் சூட்சுமம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

சேற்று நிலத்தில் பிறந்த செயின்

செயின் டிராக்டர் ராணுவத்துக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிறந்தது வயலில். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய ஆற்றுப்படுகை நிலம் பொதபொதவென்று இருக்கும். அந்தக் காலத்து நீராவி டிராக்டர்கள் அதில் இறங்கினால் சக்கரம் அமிழ்ந்துவிடும். சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தும் சரிப்படவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரக்கட்டைகள் பதித்த செயினைப் பூட்டி 1904 நவம்பரில் ஓட்டிப் பார்த்தார். வண்டி அமிழவில்லை. கம்பளிப்புழு ஊர்வதுபோல் இருந்ததால் ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பெரிய பீரங்கிகளைச் சேற்றில் இழுக்க இந்த ஹோல்ட் டிராக்டர்களை வாங்கியது. 1916ல் போர்க்களத்துக்கு வந்த டாங்கிகளுக்கு யோசனை தந்தவற்றில் இந்த உழவு யந்திரமும் ஒன்று. ஹோல்ட் கம்பெனியும் பெஸ்ட் கம்பெனியும் 1925ல் ஒன்றாகி கேட்டர்பில்லர் கம்பெனி ஆயின.

செயின் ஏன் அமிழ்வதில்லை என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். பத்து டன் எடையுள்ள டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துச் செயின் 20 அங்குல அகலம், தரையில் படியும் நீளம் 90 அங்குலம். இரண்டு பக்கமும் சேர்த்து 3,600 சதுர அங்குலம். 10,000 கிலோ அத்தனை இடத்தில் பரவும்போது ஒரு சதுர அங்குலத்துக்கு மூன்று கிலோவுக்கும் குறைவுதான். ஒற்றைக் காலில் நிற்கும் ஓர் ஆளின் பாதமும் ஏறக்குறைய இவ்வளவே அழுத்துகிறது. வண்டல் கலந்த கரிசல் காட்டில் மழை விட்ட மறுநாள் டயர் டிராக்டரை இறக்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை விளக்காமலே புரியும்.

நாணலை வென்ற மிச்சச் சரக்கு

இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு அமெரிக்க ராணுவம் மலையைக் குடைந்து பாதை போட்டது. அதற்காக வந்து இறங்கிய கனரக செயின் டிராக்டர்களும் புல்டோசர்களும் போர் முடிந்ததும் திரும்பிப் போகவில்லை. இப்படி அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை வைத்து, 1947ல் இந்திய அரசு மத்திய டிராக்டர் நிறுவனத்தை ஏற்படுத்தியது.

அதற்குக் கொடுத்த வேலை சாமானியமானதல்ல. மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் கரிசல் நிலத்தைக் காஸ் என்னும் நாணல் பிடித்திருந்தது. மேலே அறுத்தால் கீழிருந்து முளைக்கும். வேர்க்கிழங்கு ஆழத்தில் படர்ந்திருப்பதால் மாட்டு ஏர் அதை எட்டாது. கோடை வெயிலில் மண் பாறையாக இறுகிக் கிடக்கும்போதே கனரகக் கலப்பையை ஓர் அடி ஆழத்துக்கு இறக்கிப் புரட்ட வேண்டும். மேலே வந்த வேர் மழைக்கு முன் காய்ந்து சாகும். கோரையையும் அருகையும் ஒழிக்கச் சித்திரை வெயிலில் உழவு போடும் கொங்கு நாட்டு விவசாயிக்கு இது தெரிந்த முறைதான். ஆழமும் பலமும்தான் வேறு.

போரில் அடிபட்டு வந்த வண்டிகளை வைத்தே வேலை தொடங்கிற்று. ஆனால் அவற்றோடு நிற்கவில்லை. 1949 செப்டம்பரில் உலக வங்கி இந்தியாவுக்கு ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. காஸ் நிலங்களைத் திருத்தக் கனரக டிராக்டர்கள் வாங்குவதே அந்தக் கடனின் நோக்கம். சுதந்திர இந்தியாவுக்கு அந்த வங்கி கொடுத்த கடன்களில் ரயில்வேக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது, உழவுக்கான இந்தக் கடன்.

இதே காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனிக்காவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் காடு வெட்டி நிலக்கடலை போடுவதென்று பிரிட்டிஷ் அரசு திட்டமிட்டது. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டிராக்டர்களை மொத்தமாக வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். போர் டாங்கியின் அடிப்பாகத்தையே மாற்றி ‘ஷெர்விக்’ என்ற டிராக்டரும் செய்தார்கள். வந்த வண்டிகளில் ஏராளமானவை ஓடும் நிலையில் இல்லை. ஓடியவை புதரின் வேரிலும் மண்ணிலும் சிக்கித் தேய்ந்தன. பட்டறை, உதிரிபாகம், பழகிய டிரைவர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் பலன் அது. அத்தனை பாடுபட்டு விதைத்த இடத்திலும் மழை நின்றதும் களிமண் சிமென்ட்போல் இறுகியது. காய் பிடுங்க முடியவில்லை. கடலைக்கு எந்த மண் ஆகும் என்று கிணத்துக்கடவில் ஒரு பெரியவரைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார். 1951ல் திட்டத்தைக் கைவிட்டபோது மூன்று கோடியே அறுபது லட்சம் பவுன் நஷ்டக் கணக்கில் எழுதப்பட்டது.

குட்டி எஞ்சின் எழுப்பும் பெரிய எஞ்சின்

அன்றைய ராணுவ டிராக்டர்களில் பேர் பெற்ற கேட்டர்பில்லர் டி-7ஐ எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சிலிண்டர் விட்டம் ஐந்தே முக்கால் அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் எட்டு அங்குலம். இதை ஹேண்டில் போட்டுச் சுற்ற எவராலும் முடியாது. அதனால் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றை வைத்தார்கள். முதலில் குட்டியைக் கிளப்ப வேண்டும். அதன் புகைக்குழாய் பெரிய எஞ்சினின் காற்றுப்பாதை வழியே போகிறது. அதன் குளிர்ச்சித் தண்ணீரும் பெரிய எஞ்சினின் தண்ணீரும் ஒன்றே. குட்டி ஓட ஓட பெரியது சூடாகும். பிறகு கிளட்ச்சைச் சேர்த்து, அமுக்கம் இல்லாமல் பெரிய எஞ்சினைச் சற்று நேரம் சுழலவிட்டு எண்ணெய் ஏற்ற வேண்டும். அதன் பின் அமுக்கம் கொடுத்து டீசலைத் திறந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். ஆயில் எஞ்சினில் லீவரைத் தூக்கி வேகமாகச் சுற்றி, சட்டென்று லீவரை விடுகிறோமே, அதே தத்துவம்தான்.

இதை எட்டில் ஒரு பங்காகச் செய்ய ஒருவர் முனைகிறார் என்று கொள்வோம். சிலிண்டர் விட்டம் 18 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் ஓர் அங்குலம். உருவம் எட்டில் ஒன்றுதான். ஆனால் உள்ளளவு எட்டை மூன்று முறை பெருக்கிய அளவில், அதாவது 512ல் ஒன்றாகக் குறைகிறது. பதின்மூன்றரை லிட்டர் எஞ்சின் 27 மில்லிலிட்டருக்கும் குறைவாகிவிடும். சுவரின் பரப்போ 64ல் ஒன்றுதான் குறையும். ஆகவே உள்ளிருக்கும் காற்றின் அளவுக்கு, வெப்பத்தை உறிஞ்சும் சுவர் எட்டு மடங்கு கூடுதல். பிஸ்டன் அமுக்கிச் சூடாக்கிய காற்று டீசல் பற்றுமுன் ஆறிவிடுகிறது. மழைக்காலக் காலையில் ஆறிப்போன எஞ்சின் ஏன் மக்கர் செய்கிறது, ரிங் தேய்ந்து காற்று ஒழுகினால் ஏன் கிளம்புவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் கிடைப்பது அரிது.

இதனால்தான் பெரிய டீசலின் உருவத்தைச் செய்பவர்களில் பலர், உள்ளே சிறு ஸ்பார்க் பிளக் வைத்துப் பெட்ரோலில் ஓட்டிவிடுகிறார்கள். அமுக்கத்தாலேயே பற்றும் சிறு எஞ்சின்களும் உண்டு. அவற்றுக்கு டீசல் ஊற்றுவதில்லை. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சமமாகக் கலக்கிறார்கள். குறைந்த சூட்டில் பற்றுவது ஈதர், சக்தி தருவது மண்ணெண்ணெய், தேய்மானம் காப்பது விளக்கெண்ணெய். காட்டு வரப்பில் விளையும் கொட்டமுத்துக்கு இப்படியும் ஒரு கிராக்கி இருக்கிறது.

மாதிரியை நம்பக் கூடாத இடமும் உண்டு. பத்து டன் டிராக்டர் எட்டில் ஒன்றாகும்போது இருபது கிலோ ஆகிறது. செயின் படியும் இடம் 64ல் ஒன்றுதான் குறைவதால், தரையை அழுத்தும் பாரம் எட்டில் ஒன்றாகிவிடும். சின்னது மணலில் சுகமாக ஓடுகிறதே என்று பெரியதைச் சேற்றில் இறக்கினால் பலன் வேறாக இருக்கும்.

சொந்தக் கொட்டகையில் தொடங்கலாம்

ராணுவ டிராக்டரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கொட்டகையில் கிடக்கும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினே ஆரம்பப் பாடத்துக்குப் போதும். கோவை வட்டாரத்தில் வார்ப்படச் சாலைக்கும் லேத் பட்டறைக்கும் பஞ்சமில்லை. குறிச்சி தொழிற்பேட்டை பொள்ளாச்சி ரோட்டிலேயே இருக்கிறது. பட்டறையில் வேலை பழகும் பையன் வீட்டில் இருந்தால் அளவெடுத்துப் படம் போடச் சொல்லலாம். பழைய மோட்டார் வண்டிகளைப் பார்க்க விரும்பினால், கோவை அவினாசி ரோட்டில் 2015ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்குப் போய் வரலாம்.

இறுகிப்போன பிஸ்டனைச் சம்மட்டியால் அடிப்பது பெருந்தவறு. மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, பிளைவீலை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். கிளப்பும்போது ஹேண்டிலைப் பிடிக்கும் கையில் கட்டை விரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டை விரல்தான் முதலில் போகும். பழைய எண்ணெய் டேங்க் காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரையே வாங்கிவிடும். பழைய கிளட்ச், பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈதர் கலந்த எண்ணெயை வீட்டுக்குள் வைக்கவே கூடாது. பக்கத்தில் பீடி பற்றவைப்பதும் ஆபத்து.

இப்போதைக்கு நேரமில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள், ஐப்பசி மழைக்கு முன் புகைக்குழாயின் வாயை ஒரு தகர டப்பாவால் மூடிவிட்டு, தண்ணீர் ஜாக்கெட்டை வடித்து, சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி, பிளைவீலை நாலு சுற்றுச் சுற்றிவைத்தால் போதும். எஞ்சினில் ஆணியடித்த பித்தளைத் தகடு இருந்தால் அதிலுள்ள நம்பரையும் குதிரைசக்தியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். உதிரிபாகம் தேடும்போது பட்டறைக்காரர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.